ரிமோட் கார் ஷொக்: எண்ணெய் நிரப்புவதும் எயார் எடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பின்னேரம் கார் ஓட்டப் போனால் என்னிடம் மோட்டரைப் பற்றியோ பட்டரியைப் பற்றியோ கேட்பவர்கள் குறைவு. "அண்ணா, இது ஏன் இப்படித் துள்ளுது?" என்று காரைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். பத்தில் எட்டுத் தடவை ஷொக்குக்குள் (சக்கரத்துக்குப் பக்கத்தில் அதிர்வைத் தாங்கும் எண்ணெய்க் குழாய்க்குள்) காற்று இருக்கும். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்ததால் எழுதி வைத்துவிட்டேன். நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன், தொழில் வேறு, இது பொழுதுபோக்கு. கீழே உள்ளவை 1/10 அளவு பகி (மண் தரையில் ஓடுகிற கார்), டிரக், ரோட் கார்களை மனதில் வைத்து எழுதியவை. 1/8 காருக்கும் வேலை இதேதான், சாமான்கள் மட்டும் பெரிது.

ஷொக்குக்குள் என்னதான் நடக்கிறது?

ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. மேடு வந்தால் அமுங்கும், அமுங்கியதை உடனே திருப்பித் தரும். அதை ஒன்றும் தடுக்காவிட்டால் கார் பந்து மாதிரித் துள்ளும். தடுப்பது எண்ணெய். ஷொக் குழாய்க்குள் ஒரு தண்டின் நுனியில் சின்னப் பிஸ்டன் ஒன்று இருக்கிறது, அதில் இரண்டு மூன்று ஓட்டைகள். தண்டு மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்த ஓட்டைகளால் நெரிந்து போக வேண்டும். தடித்த எண்ணெய் மெதுவாகப் போகும், மெல்லியது கெதியாகப் போகும்.

கார் எவ்வளவு தூரம் பதிகிறது என்பது ஸ்பிரிங்கின் வேலை. எவ்வளவு வேகத்தில் பதிந்து எழும்புகிறது என்பது எண்ணெயின் வேலை. கார் தாழ்ந்து நிற்கிறது என்று எண்ணெயை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் மாற்றினேன், கார் அதே உயரத்தில்தான் நின்றது.

என் காரில் இருப்பது எண்ணெய் ஷொக்தானா?

எல்லாக் காரிலும் இருக்காது. உதாரணமாக தமியா என்ற ஜப்பானியக் கம்பனியின் சாதாரண டிடி-02 கிட்டில் (நாமே பூட்டுகிற பெட்டியில்) வருவது எண்ணெய் இல்லாத உராய்வு ஷொக். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு தண்டை அமுக்கிப் பாருங்கள். வழுவழுவென்று ஒரே சீரான தடையோடு போனால் உள்ளே எண்ணெய் இருக்கிறது. சும்மா விழுந்தால் ஒன்றில் உராய்வு ஷொக், இல்லாவிட்டால் எண்ணெய் முழுக்க ஒழுகிய ஷொக். மலிவான கார்களில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பாதி எண்ணெய்தான் இருக்கும். புதுக் கார் என்று நம்பாமல் ஒருக்கால் திறந்து பாருங்கள்.

காற்று இருந்தால் என்ன? ஏன் அதை எடுக்க இவ்வளவு பாடு?

எண்ணெயை அமுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கும். பிஸ்டன் காற்றுக் குமிழிக்குள் போகிற அந்தக் கொஞ்சத் தூரத்தில் தடையே இல்லை, அப்புறம் திடீரென்று எண்ணெயில் முட்டும். இடது ஷொக்கில் ஒரு குமிழி, வலதில் மூன்று என்றால் கார் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் திரும்பும். கராஜில் பிரேக்குக்கு எயார் எடுப்பதும் இதே காரணத்துக்குத்தான். கண்டுபிடிப்பது சுலபம்: ஷொக்கைக் காதருகே வைத்துத் தண்டை அமுக்குங்கள். சேற்றில் செருப்போடு நடக்கிற மாதிரிச் சத்தம் வந்தால் காற்று.

அப்படியென்றால் துளி காற்றும் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடிவிடலாமே என்று தோன்றும். முடியாது. தண்டு உள்ளே வரும்போது அதற்கும் இடம் வேண்டும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தண்டு 25 மில்லிமீற்றர் உள்ளே வந்தால் சுமார் 0.18 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு இருக்க இடமில்லாமல் போகும். பார்த்தால் சில துளிதான், ஆனால் அது ஒதுங்க இடமில்லாவிட்டால் தண்டு பாதி வழியில் கல்லில் முட்டியது போல நிற்கும். பலத்தைப் போட்டு அமுக்கினால் எங்காவது பிய்த்துக்கொண்டு ஒழுகும்.

இந்தச் சில துளிக்கு விட்டுக்கொடுக்கத்தான் மூடிக்குக் கீழே மெல்லிய ரப்பர்க் கிண்ணம் ஒன்று இருக்கிறது. பிளாடர் என்பார்கள், டயஃப்ரம் என்றும் சொல்வார்கள். எண்ணெய் ரப்பருக்குக் கீழே, காற்று மேலே, இரண்டும் கலப்பதில்லை. ஆக, எயார் எடுப்பது என்றால் ரப்பருக்குக் கீழே உள்ள காற்றை எடுப்பது.

எண்ணெய்ப் போத்தலில் 30, 40 என்றும் இருக்கிறது, 350, 500 என்றும் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி, அளவுகோல்தான் வேறு. 350, 500 என்பது சென்டிஸ்டோக்ஸ், ஆய்வுகூடத்தில் பாகுத்தன்மையை அளக்கிற அலகு. 30, 40 என்பது வெயிட், அமெரிக்கக் கம்பனிகளின் பழக்கம். டீம் அசோசியேட்டட் என்ற கம்பனியின் எண்ணெயில் 30 வெயிட் என்பது 350, 40 வெயிட் என்பது 500. வேறு கம்பனியின் 40 வெயிட் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அதனால் வெயிட்டை மறந்துவிட்டு சென்டிஸ்டோக்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்குங்கள், ஒரே கம்பனியோடு நில்லுங்கள். தமியாவின் 200, 300, 400 மாதிரி மூன்று போத்தல் இருந்தால் ஆரம்பத்துக்குக் காணும்.

இடையில் ஒரு எண் வேண்டுமானால் கலக்கலாம். ஆனால் 300ஐயும் 500ஐயும் பாதிக்குப் பாதி கலந்தால் 400 வராது, 390க்குச் சற்றுக் குறைவாக வரும். தடித்தது எவ்வளவு இழுக்கிறதோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாக மெல்லியது இழுக்கும்.

வெளிநாட்டு ஓட்டுநரின் செட்டப் தாளை (என்ன எண்ணெய், என்ன ஸ்பிரிங் என்று அவர் எழுதிய பட்டியலை) அப்படியே போட்டேன். அவருக்கு ஓடுகிற கார் எனக்குத் துள்ளுகிறதே?

இது கொழும்புக்காரர் எல்லோரும் ஒரு தடவையாவது விழுகிற குழி. அந்தத் தாளை எழுதியவர் 20 பாகை செல்சியஸில், சில நேரம் கூரைக்குள், கம்பளத்தில் ஓட்டியிருப்பார். நமக்கு வருடம் முழுக்க மத்தியான நேரம் 30, 32 பாகை. தார் ரோட்டில் வெயில் விழுந்தால் தரையின் சூடு வேறு.

போத்தலில் உள்ள எண் 25 பாகையில் அளந்தது. ஷொக்குக்குப் போடுவது சிலிக்கன் எண்ணெய், அது சூட்டுக்கு மற்ற எண்ணெய்களைவிடக் குறைவாகத்தான் மெலியும், அதனால்தான் அதைப் பாவிக்கிறோம். ஆனாலும் மெலியும். 400 என்று எழுதிய எண்ணெய் 20 பாகையில் ஏறத்தாழ 440 போல நடக்கும், 32 பாகையில் ஏறத்தாழ 350 போல நடக்கும். ஒரே போத்தல், இரண்டு ஊரில் இரண்டு எண்ணெய். அதனால் தாளில் 350 என்று இருந்தால் நான் 400இல் தொடங்குவேன், 400 என்றால் 450 அல்லது 500. விடுமுறைக்குக் காரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் மறுபக்கம் யோசியுங்கள். காலை 15 பாகையில் கொழும்பு எண்ணெய் தேன் மாதிரி இருக்கும்.

இன்னொன்று. மத்தியானம் பூட்டிய காருக்குள், பின் கண்ணாடிக்குக் கீழே ரிமோட் காரை வைத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்த கையோடு ஷொக்கைச் சரிபார்க்காதீர்கள். நிழலில் அரை மணித்தியாலம் ஆறட்டும்.

தையல் மெஷின் எண்ணெய் போடலாமா? தேங்காய் எண்ணெய்? மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஒயில்?

தையல் மெஷின் எண்ணெய் தண்ணீர் மாதிரி மெல்லியது, ஷொக்கில் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

தேங்காய் எண்ணெயை ஒரு நண்பரின் மகன் உண்மையாகவே போட்டுப் பார்த்தான். பின்னேரம் ஓரளவு ஓடியது. இரவு ஏசி அறையில் வைத்தான், விடிய எழும்பிப் பார்த்தால் நாலு ஷொக்கும் அசையவில்லை. 24 பாகை அளவில் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது அவனுடைய அம்மாவுக்குக் குசினியில் தெரிந்த விஷயம், அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஃபோர்க் ஒயில் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதுவும் ஷொக் எண்ணெய்தானே. ஆனால் அதன் 10, 15, 20 என்ற எண்கள் வேறு அளவுகோல், நமது 30 வெயிட்டோடு ஒப்பிட முடியாது. அதோடு அது பெட்ரோலிய எண்ணெய். பல ஷொக்குகளில் ஓ ரிங்கும் (தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கிற வளையம்) பிளாடரும் சிலிக்கன் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் வீங்கும், தண்டு இறுகும். பிரேக் ஒயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது பெயின்ட்டையும் அரிக்கும்.

சிலிக்கன் என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒரு கடையில் "எல்லாம் ஒன்றுதான் தம்பி" என்று ஒருவர் தந்ததை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 3000, டிஃபுக்கு (இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கிற கியர்ப் பெட்டிக்கு) போடுகிற எண்ணெய். அதை ஊற்றிய ஷொக்கை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால், ஸ்பிரிங் தள்ளத் தள்ள அது சோம்பல் முறித்துக்கொண்டு எழும்பியது.

என்னென்ன சாமான் வேண்டும்?

ஷொக் எண்ணெய், நல்ல ரிஷ்யூ, கூரான பிளேடு, சின்னக் குறடு, பழைய சைக்கிள் ரியூப் ஒரு துண்டு, வெர்னியர் (நீளமும் தடிப்பும் நுணுக்கமாக அளக்கிற கருவி). ஷொக் நிமிர்ந்து நிற்க ஒரு தாங்கி. மரத்துண்டில் ஓட்டை போட்டாலும் தாங்கிதான். ஓ ரிங்குக்குப் பூசக் கொஞ்சம் கிரீஸ்: டீம் அசோசியேட்டட் விற்கும் கிரீன் ஸ்லைம் இதற்கென்றே செய்தது, கிடைக்காவிட்டால் அதே ஷொக் எண்ணெயைத் தடவினாலும் பரவாயில்லை.

கைக் கருவிகளுக்குப் பழைய சோனகத் தெருவில் ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைக்கும். ஓ ரிங் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் அளவுக்கு எடுக்கலாம், பழையதைக் கையோடு கொண்டுபோய் உள்விட்டத்தையும் தடிப்பையும் வெர்னியரால் காட்டுங்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். அது சிலிக்கன் எண்ணெயில் வீங்காது, ஆனால் நமது ஓ ரிங்கைவிடக் கடினம், தண்டைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். அவசரத்துக்குச் சரி. எண்ணெயை மட்டும் பொழுதுபோக்குச் சாமான் விற்கிறவர்களிடமே வாங்குங்கள்.

பூட்டும்போது எங்கே பிழை விடுகிறோம்?

முதலாவது, தண்டைக் குறட்டால் பிடிப்பது. அடியில் உள்ள பிளாஸ்டிக் முனையைத் திருகும்போது தண்டு சுற்றும், உடனே கை குறட்டுக்குப் போகும். குறட்டின் பல்லால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்டு ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அந்தக் கீறல் ஓ ரிங்கை அரம் மாதிரி அராவும். என் முதல் பகியில் பின் வலது ஷொக் கிழமைக்கு ஒரு தடவை காலியாகும். ஓ ரிங்கை மாற்றினேன், எண்ணெயைக் குறை சொன்னேன், மூன்று மாதம் போனது. கடைசியில் தண்டை நகத்தால் தடவிப் பார்த்தபோது ஒரு இடத்தில் நகம் தட்டியது. என் கைவேலைதான். சைக்கிள் ரியூப் துண்டு இதற்குத்தான்: தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி அதற்கு மேல் பிடியுங்கள்.

இரண்டாவது, தண்டின் மரை. கூரான மரையை ஓ ரிங்குக்குள்ளால் அப்படியே தள்ளினால் ரப்பர் வெட்டுப்படும். மரையில் தாராளமாக எண்ணெய் பூசி, மெல்லத் திருகியபடி உள்ளே விடுங்கள்.

மூன்றாவது, பிஸ்டன். பிளாஸ்டிக் பிஸ்டனை மரத்திலிருந்து காய் பறிப்பது போல, அது ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிடுங்கினால் விளிம்பில் ஒரு முளை நிற்கும். அதைப் பிளேடால் சீவி, 600 தேய்ப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்க்காவிட்டால் குழாயின் உட்சுவரில் உரசும். எண்ணெய் ஊற்ற முன்பே பிஸ்டனோடு தண்டை உள்ளே விட்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள், உரசல் இருந்தால் அப்போதே தெரியும்.

பிஸ்டனைப் பிடிக்கிற ஈ கிளிப் (ஆங்கில E வடிவச் சின்னக் கிளிப்) பறக்கும். பறந்தால் கிடைக்காது. கையையும் ஷொக்கையும் ஒரு பொலித்தீன் பைக்குள் விட்டுச் செய்யுங்கள். ஃபானையும் நிறுத்துங்கள், தூசி எண்ணெயில் விழும். வியர்க்கத்தான் செய்யும்.

அடியில் உள்ள ஓ ரிங் மூடியைக் கையால் இறுக்கினால் காணும். பலத்தைக் காட்டினால் ஓ ரிங் நசிந்து தண்டைக் கவ்வும், பிறகு எந்த எண்ணெய் போட்டாலும் ஷொக் ஒட்டி ஒட்டித்தான் போகும்.

சரி, பிளாடர் உள்ள ஷொக்கில் எயார் எடுப்பது எப்படி?

ஆறுதலாகச் செய்ய வேண்டிய வேலை. ஓட்டப் போகும் காலையில் செய்யாமல் முதல் நாள் இரவே செய்யுங்கள்.

தண்டை முழுக்கக் கீழே இழுத்து, ஷொக்கை நேராக நிறுத்துங்கள். போத்தலைக் குலுக்காமல், குழாயின் உட்சுவரோடு ஒட்டி வழிய முக்கால்வாசி ஊற்றுங்கள். உயரத்திலிருந்து விட்டால் எண்ணெய் விழும்போதே காற்றை இழுத்துக்கொண்டு போகும். இப்போது தண்டை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். மெதுவாக என்றால் ஒரு ஏற்றத்துக்கு இரண்டு மூன்று விநாடி. பிஸ்டன் எண்ணெய் மட்டத்துக்கு மேலே வரவே கூடாது, வந்தால் புதுக் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போகும். பிஸ்டனுக்குக் கீழே சிக்கிய குமிழிகள் ஓட்டைகளால் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு குமிழி பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தால் ஷொக்கின் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் இரண்டு தட்டு.

பத்து, பதினைந்து தடவை அப்படிச் செய்த பின், தண்டைக் கீழே இழுத்து வைத்துவிட்டு எழும்பிப் போங்கள். தேநீர் குடியுங்கள். 400 எண்ணெயில் சின்னக் குமிழி மேலே வர நேரம் எடுக்கும், 15 நிமிடம் விட்டால் நல்லது. தடித்த எண்ணெய் என்றால் அரை மணித்தியாலம். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்: எண்ணெய் தெளிந்துவிட்டது போலத் தோன்றும், மேலே மட்டும்தான் தெளிந்திருக்கும்.

திரும்பி வந்து, டோர்ச்சைப் பிடித்துப் பாருங்கள். மேலே நுரை இருந்தால் ரிஷ்யூ நுனியால் தொட்டு எடுங்கள். பிறகு விளிம்பில் எண்ணெய் வளைந்து நிற்கும் அளவுக்கு நிரப்புங்கள். பிளாடரைச் சரித்து, ஒரு ஓரத்தை முதலில் வைத்து, மறு ஓரத்தை மெல்ல இறக்குங்கள். தட்டையாக மேலேயிருந்து வைத்தால் நடுவில் காற்று அகப்படும். எண்ணெய் வழியும், வழியட்டும். மூடியை இரண்டு மூன்று மரை மட்டும் பிடிக்க விட்டு, தண்டை வேண்டிய அளவு உள்ளே தள்ளுங்கள். மிச்ச எண்ணெய் மரையால் கசியும். தண்டை அந்த இடத்திலேயே பிடித்தபடி மூடியை இறுக்குங்கள். துடைத்துவிட்டுக் காதில் வைத்து அமுக்குங்கள். சத்தம் இல்லை, தண்டு முழுத் தூரமும் போகிறது என்றால் முடிந்தது. கடைசியில் முட்டி நின்றால் எண்ணெய் கூட, மூடியைத் தளர்த்திக் கொஞ்சம் வெளியே விட வேண்டும்.

என் ஷொக்கில் பிளாடரே இல்லை. மூடியில் சின்னத் திருகாணி ஒன்று இருக்கிறது.

அது இமல்ஷன் ஷொக். இதில் கொஞ்சக் காற்று வேண்டுமென்றே எண்ணெயோடு கலந்து இருக்கும், தண்டுக்கு இடம் விடுவது அந்தக் காற்று. நிரப்புவது முன் சொன்ன மாதிரியேதான். விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, திருகாணியைக் கழற்றிய மூடியைப் பூட்டி, ஓட்டை மேலே பார்க்கும்படி ஷொக்கைப் பிடித்து, தண்டை மெதுவாக முழுக்க உள்ளே தள்ளுங்கள். குமிழியும் மிச்ச எண்ணெயும் ஓட்டையால் வரும். தண்டு உள்ளே இருக்கும்போதே திருகாணியைப் பூட்டுங்கள்.

இந்த ஷொக் இரவு முழுக்க நின்றால் காற்று பிரிந்து மேலே போய்விடும். காலையில் எடுத்து அமுக்கினால் சத்தம் வரும், பயப்படாதீர்கள். ஓட முன் காரை இருபது தடவை அமுக்கி விட்டால் திரும்பக் கலந்துவிடும்.

ரிபவுண்ட் எவ்வளவு வைக்க வேண்டும்?

ஸ்பிரிங் இல்லாமல் தண்டை உள்ளே தள்ளிக் கையை எடுத்தால் அது தானாக எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் ரிபவுண்ட். மூடியை இறுக்கும்போது தண்டு எங்கே நின்றது என்பதே இதைத் தீர்மானிக்கிறது. முழுக்க வெளியே இருந்தபோது மூடினால் முழுவதும் திரும்பி வரும், முழுக்க உள்ளே இருந்தபோது மூடினால் வராது, நடுவில் என்றால் நடு. பகிக்கு நான் பூச்சியத்துக்குக் கிட்ட வைப்பேன், ரோட் காருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. இதில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். எதை வைத்தாலும் பரவாயில்லை, இடதும் வலதும் ஒன்றாக இருந்தால்.

ஒன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எயார் எடுப்பதைவிட இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நாலு ஷொக்கும் கொஞ்சம் பிழையாக, ஆனால் ஒரே மாதிரிப் பிழையாக இருந்தால் காரை ஓட்டிவிடலாம். மூன்று சரி, ஒன்று பிழை என்றால் கார் இடப்பக்கம் ஒழுங்காகத் திரும்பி வலப்பக்கம் வழுக்கும். நீங்கள் ரயரையும் ஸ்டியரிங்கையும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் நீளம். ஸ்பிரிங் இல்லாமல் தண்டை முழுக்க இழுத்து, மேல் ஓட்டையிலிருந்து அடி முனை வரை வெர்னியரால் அளவுங்கள். முன் இரண்டும் ஒன்றாக, பின் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் பிளாஸ்டிக் முனையைத் திருகிச் சரிசெய்யலாம்.

அடுத்தது, ஒரு சோடியை எடுத்து இரண்டின் தண்டு முனைகளையும் ஒன்றோடொன்று முட்ட வைத்து, இரு பக்கமிருந்தும் சேர்த்து அமுக்குங்கள். இரண்டு தண்டும் சமமாக உள்ளே போனால் சரி. ஒன்று முந்திப் போனால் அது மெல்லியது, அல்லது அதற்குள் காற்று. கையை எடுக்கும்போது எது முந்தி வெளியே வருகிறது என்றும் பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், தனித்தனியாக அமுக்கிப் பார்த்துப் பிடிபடாத வித்தியாசம் இதில் உடனே பிடிபடும்.

பிஸ்டன் ஓட்டையை மாற்றுவதா, எண்ணெயை மாற்றுவதா?

ஆரம்பத்தில் எண்ணெயை மட்டும் மாற்றுங்கள். ஒரு ஆறு மாதம் ஓட்டிய பிறகு பிஸ்டனுக்கு வரலாம்.

வித்தியாசம் இதுதான். சின்ன ஓட்டையும் மெல்லிய எண்ணெயும், பெரிய ஓட்டையும் தடித்த எண்ணெயும் மெதுவாக அமுக்கும்போது ஒரே மாதிரி இருக்கும். ஆனால் கார் உயரத்திலிருந்து விழும்போது தண்டு மிக வேகமாக உள்ளே போகும். சின்ன ஓட்டையால் அவ்வளவு எண்ணெய் அந்த நேரத்துக்குள் போக முடியாது, ஷொக் திடீரென்று கடினமாகும். ஓட்டுகிறவர்கள் இதைப் பேக் என்பார்கள். பாய்ச்சல் நிறைய உள்ள இடத்தில் பேக் நல்லது, அடிப்பாகம் நிலத்தில் மோதாமல் தாங்கும். கிரவல் நிலத்தில் தொடர்ந்து சின்னச் சின்னக் குழிகள் என்றால் அதே பேக் காரைத் தூக்கித் தூக்கிப் போடும், ரயர் நிலத்தைத் தொடாது.

ஓட்டையின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1.7 மில்லிமீற்றரில் இரண்டு ஓட்டையும் 1.4 மில்லிமீற்றரில் மூன்று ஓட்டையும் மொத்தப் பரப்பில் கிட்டத்தட்ட ஒன்றுதான், 4.5 சதுர மில்லிமீற்றருக்கு முன்பின்.

ஷொக் ஒழுகுகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

அடியில் தண்டைச் சுற்றி ஈரம் என்றால் ஓ ரிங் அல்லது தண்டில் கீறல். நகத்தால் தடவிப் பாருங்கள். மேலே மூடியைச் சுற்றி ஈரம் என்றால் பிளாடர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது வீங்கி அலையலையாகப் போய்விட்டது, மாற்றுங்கள். புதிதாகப் பூட்டிய ஷொக்கில் முதல் நாள் மூடிப் பக்கம் கொஞ்சம் ஈரம் இருந்தால் அது மரையில் சிக்கிய எண்ணெய். துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

நமது சிவப்புக் கிரவல் தூசிதான் ஓ ரிங்குக்குப் பெரிய எதிரி. எண்ணெய் பட்ட தண்டில் அது பசை மாதிரி ஒட்டும், பிறகு தேய்ப்புத்தாள் வேலையைச் செய்யும். ஓடி முடித்ததும் தண்டை ஒரு துணியால் துடைக்க அரை நிமிடம் போதும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றுவது?

எண்ணெய் சாம்பல் நிறமாகியிருந்தால் மாற்றுங்கள். கிழமைக்கு ஒரு நாள் ஓட்டுகிறவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் காணும்.

வக்கூம் பம்ப் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. அது செய்வது, காற்றழுத்தத்தைக் குறைத்துக் குமிழிகளைப் பெருக்க வைப்பது. பெருத்த குமிழி கெதியாக மேலே வரும், 15 நிமிட வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். பிரேக்குக்கு எயார் எடுக்கிற கைப்பம்பையும் தடித்த கண்ணாடிப் போத்தலையும் வைத்து நானே ஒன்று செய்தேன். முதல் நாள் அளவு தெரியாமல் இழுத்ததில் எண்ணெய் பொங்கி, பால் பொங்குவது போலப் போத்தல் முழுக்க வழிந்தது. இப்போது அது அலுமாரியில். தேநீர் குடிக்கிற முறைக்கே திரும்பிவிட்டேன்.

மழையிலும் கடற்கரையிலும் ஓட்டலாமா?

மழையில் ஓட்டலாம், ஆனால் பிறகு திறந்து பாருங்கள். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, முழுக்க ஊற்றிவிட்டுத் துடைத்துப் புது எண்ணெய். கடற்கரை மணலில் ஓட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். உப்பு ஈரம் ஸ்பிரிங்கையும் ஈ கிளிப்பையும் துருப்பிடிக்க வைக்கும். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல் என்பதால், கார் வீட்டு பல்கனியில் சும்மா இருந்தாலே திருகாணிகள் நிறம் மாறுகின்றன. மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள்.

எண்ணெய் மேசையில் கொட்டிவிட்டது. எதால் துடைப்பது?

ரிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற திரவத்தைத் தடவி, வெந்நீர்த் துணியால் இரண்டு மூன்று தடவை துடையுங்கள். கைக்கும் அதேதான். ஸ்பிரிட்டால் துடைத்தால் பரவுமே தவிரப் போகாது. காரின் பொடிக்கு (மேல் கூட்டுக்கு) பெயின்ட் அடிக்கிற இடத்தில் மட்டும் ஷொக் வேலை செய்யாதீர்கள். சிலிக்கன் கண்ணுக்குத் தெரியாத அளவு பட்டிருந்தாலும் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். எங்கள் வீட்டில் இரண்டு வேலையையும் சாப்பாட்டு மேசையில்தான் செய்துவந்தேன். இப்போது ஷொக்குக்குப் பழைய தட்டு ஒன்றும் பல்கனியில் ஒரு மூலையும் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள்.